வீட்டுக்கு கேஸ் பார்பிக்யூ அடுப்பு: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். சமையல் எரிவாயு ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரி உரிமையாளர்களின் தென்மண்டலச் சங்கமும் அங்குதான் இயங்குகிறது. பக்கத்திலுள்ள சேலத்தில் எவர்சில்வர் தகடு தயாரிக்கும் உருக்காலை இருக்கிறது. கறிக்கும் கேஸுக்கும் தகட்டுக்கும் குறைவில்லாத இந்தப் பகுதியில், பெருநாள் மாலைகளில் மொட்டை மாடியில் கறி சுட்டுச் சாப்பிட விரும்பும் குடும்பங்கள் பல. அதற்கு எந்த அடுப்பை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

தேவை எவ்வளவு?

வீண்விரயத்தை மார்க்கம் தடுத்திருக்கிறது. எனவே முதல் கேள்வி, ஆண்டுக்கு எத்தனை முறை பயன்படுத்தப் போகிறோம் என்பதே. இரண்டு பெருநாளுக்கும் விருந்தாளி வரும் ஓரிரு நாளுக்கும் மட்டும் என்றால், இருக்கிற கேஸ் அடுப்பின் மேல் வைக்கும் கிரில் தட்டோ, மூடியுள்ள கேஸ் தந்தூரோ போதும். மாதம் இருமுறையாவது சுடுபவர்களுக்கு மேசை மேல் வைக்கும் இரண்டு பர்னர் அடுப்பு பொருந்தும். சக்கரம் வைத்த பெரிய அடுப்பு கூட்டுக் குடும்பத்துக்கே தேவைப்படும். விலையும் பெரும்பாலும் பத்தாயிரத்தைத் தாண்டும்.

கரி அடுப்பு விலை குறைவு, புகை மணமும் அதில்தான் கூடுதல். ஆனால் தணல் பிடிக்க அரை மணி நேரமாகும், அனலைக் கூட்டிக் குறைப்பதும் சிரமம். அதை மூடிய அறையில் பற்ற வைத்தால் வெளிவரும் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும். கேஸ் அடுப்பு பத்து நிமிடத்தில் தயாராகும். திருகைத் திருப்பினால் தீ அடங்கும்.

அளவும் அனலும்

ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள சுடும் பரப்பு போதும். ஒரே நேரத்தில் எட்டு, பத்து கோழிக்கால் வைக்கலாம். அந்தப் பரப்புக்கு மொத்தம் 5 கிலோவாட் அளவு அனல் வேண்டும். பெட்டியில் பி.டி.யு. கணக்கில் போட்டிருந்தால், 10,000 பி.டி.யு. என்பது ஏறக்குறைய 2.9 கிலோவாட். எண் பெரிதாக இருப்பதால் மட்டும் அடுப்பு நல்லதாகிவிடாது. கேஸ்தான் கூடுதலாகச் செலவாகும்.

5 கிலோவாட் அடுப்பை முழுத் தீயில் எரித்தால் மணிக்கு 400 கிராம் அளவுக்கு கேஸ் போகும். 5 கிலோ சிலிண்டர் சுமார் 12 மணி நேரமும், 14.2 கிலோ சிலிண்டர் சுமார் 35 மணி நேரமும் வரும்.

தகடும் கம்பியும்

காந்தம் ஒட்டவில்லை என்பதால் உயர்ந்த எவர்சில்வர் என்று நம்பிவிட வேண்டாம். 304 ரகத்திலும் சரி, விலை குறைந்த 202 ரகத்திலும் சரி, காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ரகத்தை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வார்ப்பிரும்புக் கம்பி அனலை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் துருவேறும். வெல்டிங் பட்டறையில் ஸ்டாண்டும் பெட்டியும் செய்து கொள்ளலாம். அதிலும் தீயோ கறியோ படும் இடத்தில் துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. கம்பி கூடாது. பர்னரையும் கேஸ் குழாயையும் பட்டறையில் செய்யவே வேண்டாம்.

பர்னருக்கு மேல் சாய்வான மறைப்புத் தகடும், கீழே இழுத்து எடுக்கும் கொழுப்புத் தட்டும் இருக்க வேண்டும். குர்பானி ஆட்டுக்கறியில் கொழுப்பு அதிகம். அது சொட்டி நேராகத் தீயில் விழுந்தால் சுவாலை எழும்பிக் கறி கருகிவிடும்.

கேஸ் இணைப்பு

நம் வீட்டு ரெகுலேட்டர் தருவது 30 மில்லிபார் அளவிலான குறைந்த அழுத்தம். அடுப்பு அந்த அழுத்தத்துக்கும் எல்.பி.ஜி.க்கும் உரியதா என்று லேபிளில் பாருங்கள். வளைகுடாவிலிருந்து வாங்கி வரும் அடுப்புகளில் இணைப்பும் ஜெட்டும் நம் ஊருக்குப் பொருந்தாமல் போகலாம். தீ போதவில்லை என்று கடைகளில் பயன்படுத்தும் உயர் அழுத்த ரெகுலேட்டரை மாட்டுவது ஆபத்து.

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சுரக்ஷா டியூபையே பயன்படுத்துங்கள். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒட்டும் வேண்டாம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கசிவை சோப்பு நுரை வைத்துப் பாருங்கள், தீக்குச்சியால் பார்க்காதீர்கள். கசிவு அவசரத்துக்கு 1906 என்ற எண்ணை அழைக்கலாம்.

எந்த சிலிண்டர்?

வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டரில் வீட்டாருக்காகச் சுடுவதில் தடையில்லை. அதே சிலிண்டரை வைத்து மாலை நேர கிரில் கடை போடுவதும், கல்யாண ஆர்டர் எடுப்பதும் 2000-ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. வழங்கல் ஆணைப்படி குற்றம். வீட்டு உபயோகத்துக்கென்று பெற்றதை வியாபாரத்துக்குத் திருப்புவது அமானிதத்துக்கும் மாறானது. ஹலாலான கறியை விற்றாலும் இந்தக் குறை நீங்கிவிடாது. வியாபாரம் செய்பவர்கள் 19 கிலோ வணிக சிலிண்டரை வாங்கட்டும்.

இரண்டாவது சிலிண்டர் தேவைப்படும் வீட்டார், அடையாள அட்டை காட்டி 5 கிலோ சிலிண்டரை முகவரிடமோ பல பெட்ரோல் பங்குகளிலோ வாங்கலாம். பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதற்கு கேஸ் மாற்றித் தருபவர்களிடம் போகாதீர்கள். அது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து.

பழைய அடுப்பு வாங்கினால்

முன்பு பன்றிக்கறி சுட்டிருக்கக்கூடிய அடுப்பா என்று விசாரியுங்கள். அப்படியிருந்தால் கம்பியையும் தட்டையும் கழற்றி, படிந்த கொழுப்பை முழுமையாகச் சுரண்டி நீக்க வேண்டும். பிறகு, ஹனஃபி மத்ஹபில் அசுத்தத்தின் அடையாளம் போகும்வரை கழுவினால் தூய்மையாகிவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். கம்பியை மட்டும் புதிதாக மாற்றிவிடுவது எளிது.

பற்ற வைக்கும்போது

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். எனவே திறந்த வெளியில் மட்டும் சுடுங்கள். மூடியைத் திறந்து வைத்த பிறகே பற்ற வையுங்கள். பற்றாவிட்டால் திருகை மூடி ஐந்து நிமிடம் கழித்து முயலுங்கள். ஆடிக்காற்று வீசும் நாட்களில் தீ அணைந்து கேஸ் மட்டும் வெளியேறக்கூடும். சிலிண்டரை நிமிர்த்தி, அடுப்பின் சூடு படாத தூரத்தில் வையுங்கள். பிள்ளைகள் கிட்டே வராமல் ஒரு பெரியவர் முழு நேரமும் நிற்கட்டும். கோழிக்கறி எலும்பருகே சிவப்பில்லாமல் வெந்திருக்க வேண்டும்.

முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். நெருப்பை நம் எதிரி என்று எச்சரித்து, உறங்கும் முன் அதை அணைத்துவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்துபோனதைக் கேட்ட பின் சொன்ன அறிவுரை அது. குழம்பில் தண்ணீரைக் கூட்டியாவது அண்டை வீட்டாரைக் கவனிக்கச் சொன்னதும் அவர்களே. மாடியில் சுடும் மணம் முதலில் போய்ச் சேருவது பக்கத்து வீட்டுக்குத்தான். அவர்களுக்கும் ஒரு தட்டு அனுப்புங்கள்.