கடனும் மனத்துயரும்: இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

எமில் துர்க்கைம் 1897 இல் வெளியிட்ட தற்கொலை பற்றிய ஆய்வில், வறுமை மனிதனின் ஆசைகளுக்கு எல்லையிடுவதால் அவனைத் தற்கொலையினின்றும் காக்கிறது என்றார். இரத்தினபுரி மாவட்டத்து உழைப்பாளரின் வரலாறு இக்கூற்றை மீள நோக்கத் தூண்டுகின்றது.

பலாங்கொடை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரின் வாழ்வு கடனிலேயே தொடங்கிற்று. பயணச் செலவும் முற்பணமும் கங்காணியின் கணக்கில் அவர்மேல் ஏறின. வேறு தோட்டம் செல்ல விரும்பியவரின் கடனைக் குறித்த 'துண்டு' அவருடனேயே சென்றது. கடனைத் தீர்க்கும் தோட்டமே அவரைப் பெற்றது. இம்முறை 1921 இல் சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1973–74 உணவு நெருக்கடியில் தோட்டங்கள் பட்டினிச் சாவுகளைக் கண்டன. நாளை எங்கிருப்போம் என்பதைப் பிறரே தீர்மானிக்கும் நிலை தலைமுறைகள் தோறும் நீடித்தது.

மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள எம்பிலிப்பிட்டியவின் நிலை வேறு. 1960களில் உடவளவை நீர்த்தேக்கம் எழுந்தபின் அங்குக் குடியேறிய சிங்கள விவசாயிகளுக்குக் காணியும் வாக்குரிமையும் இருந்தன. எனினும் விதைக்கும் உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் பட்ட கடன் அறுவடைக்கு முன்னரே விளைச்சலை விழுங்கியது. குடியேற்றக் காணிகளைக் கூறாக்கச் சட்டம் தடையாக இருந்தமையால், இரண்டாந் தலைமுறையினர் பலர் நிலமற்றோராயினர். மொழியும் உரிமையும் வேறாயினும், நாளையைக் கடன்காரனிடம் ஒப்படைத்த வாழ்வு இரு சாராருக்கும் பொதுவானது. துர்க்கைம் கண்ட வறுமையில் இக்கடனுக்கு இடமில்லை.

இலங்கையில் 1950 இல் இலட்சம் பேருக்கு 6.5 ஆகவிருந்த தற்கொலை வீதம் 1995 இல் 47 ஆயிற்று. கொடிய கிருமிநாசினிகள் வீட்டுக்குள்ளேயே இருந்தமை, கணநேர விரக்தியையும் சாவாக மாற்றியது. 1995 இலும் 1998 இலும் அவற்றுட் சில தடைசெய்யப்பட்டன. 2005 அளவில் வீதம் ஏறத்தாழப் பாதியாகியது. 1986–95 காலப்பகுதியோடு ஒப்பிடுகையில், அடுத்த பத்தாண்டுகளில் 19,769 சாவுகள் குறைந்தன. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டப்பிரிவும் 1998 இல் நீக்கப்பட்டது.

இவ்வீழ்ச்சி வேலையின்மையின் ஏற்றத்தாழ்வோடு ஒத்துச் செல்லவில்லை என ஆய்வாளர் காட்டியுள்ளனர். இதுகொண்டு வறுமைக்கும் மனத்துயருக்கும் தொடர்பில்லை எனக் கொள்ளல் பிழையாகும். நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தோரின் தொகை அக்காலத்திற் குறையவில்லை, பிழைத்தோரே பெருகினர். சாவு குறைந்தது, துயர் குறையவில்லை.

சமுதாய மாற்றமே அனைத்துக்கும் மருந்து, அதுவரை செய்வதற்கொன்றுமில்லை என முற்போக்காளராகிய நம்மிற் சிலர் கருதுவதுண்டு. அம்மாற்றத்தைக் காணவேண்டிய ஆயிரக்கணக்கானோரை ஒரு சிறு தடை உயிருடன் வைத்தது. அவர்களைக் கடனினின்றும் விடுவிப்பதே எஞ்சியுள்ள பணியாகும்.