கரையில் எழுதிய பட்டியல்

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டியபோது தூத்தூர் வட்டாரத்து ஆண்களில் பலர் ஊரில் இல்லை. சூரையும் சுறாவும் தேடி, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டிலிடுபவர்கள் அவர்கள். முந்தைய நாள் உருவான தாழ்வு மண்டலம் ஒரே இரவில் புயலாகிவிட்டது. எச்சரிக்கை கரைக்கு வந்து சேர்ந்தபோது, படகுகள் அதைக் கேட்கக்கூடிய தொலைவைத் தாண்டியிருந்தன.

கடலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எளிய கேள்விக்கு அரசிடம் விடை இல்லை. எந்தப் படகில் யார் யார் ஏறினார்கள் என்று முழுமையாக எழுதிவைக்கும் ஏற்பாடு இருக்கவில்லை. விடை பங்குக் கோயில்களிலிருந்து வந்தது. ஊர் ஊராகப் பெயர்கள் திரட்டப்பட்டன. அரசு சொன்ன எண்ணும் கோயில் சொன்ன எண்ணும் ஒத்துப்போகவில்லை. அந்த இடைவெளியே போராட்டமாக மாறியது. கத்தோலிக்கக் கடற்கரை ஒக்கிக்குத் தந்த பதிலை நான் அந்தப் பட்டியலிலிருந்தே வாசிக்க விரும்புகிறேன்.

பெயர் எழுதுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையின் முக்குவர்களுக்குப் பிரான்சிஸ் சவேரியார் ஞானஸ்நானம் கொடுத்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் என்று 1545 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஒவ்வொருவருக்கும் புதுப்பெயரை எழுதிக் கொடுத்ததையும் குறிப்பிடுகிறார். முதலில் ஆண்கள், அவர்கள் வீடு திரும்பி மனைவி மக்களை அனுப்பிவைக்க, பிறகு பெண்கள். இந்தக் கரையின் கிறிஸ்தவ வரலாறு தொடங்கியபோதே வரிசையும் தீர்மானமாகிவிட்டது. 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்கக் கட்டளையிட்டது. 1614இன் உரோமைச் சடங்கு நூல் இறப்புப் பதிவேட்டையும் சேர்த்தது. பிறப்பு முதல் அடக்கம்வரை மனிதரைப் பெயர் சொல்லி எண்ணும் பழக்கம், ஆன்ம கணக்குக்காக வந்தது. ஒக்கியின்போது அதுவே குடிமை உரிமைக்கான சான்றாயிற்று.

ஆனால் பதிவேடு சொல்வது ஒருவர் யார் மகன், யார் கணவன் என்பதை மட்டுமே. அவர் எந்தப் படகில், யாரோடு, எந்தத் துறைமுகத்திலிருந்து போனார், கடைசியாக எப்போது பேசினார் என்பவை வீட்டுக்குள் இருந்த அறிவு. கணவன் கடலில் இருக்கும் வாரங்களில் கடன் வாங்குவதும் அடைப்பதும் வட்டி பேசுவதும் பெண்கள்தான். குமரிக் கரையில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் கல்பனா ராம், முக்குவப் பெண்களைப் பற்றிய தமது 1991ஆம் ஆண்டு நூலில் கடனையும் வீட்டுப் பொருளாதாரத்தையும் நடத்தும் இந்தப் பொறுப்பை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். யாருடைய படகு, யாருடைய பணம், யாருடைய பயணம் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கும் கணக்கு. பட்டியலுக்கு உயிர் வந்தது அந்தக் கணக்கிலிருந்துதான்.

இந்தப் பெண்களுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தூத்தூர் வட்டாரம் தமிழ்நாட்டுக்கு வந்தது. திருச்சபை நிர்வாகத்தில் அது திருவனந்தபுரம் மறைமாவட்டத்திலேயே தொடர்ந்தது. ஒக்கியின்போது அதன் பேராயராக இருந்த சூசைபாக்கியம், மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். ரேஷன் அட்டை ஒரு மாநிலத்தில், ஆயர் இல்லம் இன்னொரு மாநிலத்தில், படகு கிளம்பியதோ பல வேளை கொச்சியில். காணாமல்போனவரை எந்த அரசிடம் கேட்பது?

அந்த டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. சவேரியார் திருநாளும் அதுவே. காத்திருப்பைப் புண்ணியமாகச் சொல்லித்தரும் காலம். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 7ஆம் தேதி, கடற்கரை ஊர்களின் மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்துவந்து குழித்துறை ரயில் நிலையத்தின் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளோடு பெண்கள், கன்னியர், குருக்கள். ரயில்கள் நின்றன. இரவுவரை அவர்கள் எழவில்லை. பொறுமையாகக் காத்திருக்கப் பழக்கப்பட்டவர்கள், இனிக் காத்திருக்க மாட்டோம் என்று சொன்ன நாள் அது. சில நாட்களில் முதலமைச்சர் வந்தார். பத்து லட்சமாக அறிவிக்கப்பட்ட இழப்பீடு இருபது லட்சமாயிற்று.

அதற்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியது. உடல் கிடைக்காதவர் இறந்தவரா? 2024 வரை நடைமுறையில் இருந்த 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம், 108ஆம் பிரிவில், ஏழாண்டுக் கணக்கைச் சொன்னது. ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாகவே அவரைப் பற்றி அறிந்திருக்கக்கூடியவர்கள் ஏழாண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருப்பதை நிரூபிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவருடையது. அந்த 'அறிந்திருக்கக்கூடியவர்' இங்கே பெரும்பாலும் ஒரு மனைவி. அவள் ஏழாண்டு சுமங்கலியும் இல்லை, விதவையும் இல்லை. கணவர் பெயரிலுள்ள கடனுக்கு மட்டும் காத்திருப்பு கிடையாது. இழப்பீட்டுக்காக அந்தக் காலவரையறை தளர்த்தப்பட்டது சிறிய வெற்றி அல்ல. ஆனால் அதைப் பெற, அவர் திரும்பமாட்டார் என்று முதலில் அவள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. உடலில்லாமலே பூசை வைத்து விடைகொடுக்கத் திருச்சபைக்கு வழி உண்டு. அப்படி விடைகொடுக்கும் மனம் ஒரு கையெழுத்தால் வந்துவிடாது.

இழப்பீடு 'குடும்பத்துக்கு' என்று அறிவிக்கப்பட்டது. அந்தச் சொல்லுக்குள் மனைவி உண்டு, மாமியார் உண்டு, மணமாகாத நாத்தனார் உண்டு. ஒருத்தியின் துயரமும் இன்னொருத்தியின் உரிமையும் ஒரே காசோலையில் மோதிக்கொள்ளும் என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. மீன் வந்தால்தான் கூடை தூக்க முடியும் என்றிருந்த பெண்ணின் தொழில் இழப்பையும் அது தனியே காட்டுவதில்லை.

குருக்களின் துணிவைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. வழக்குகள் அவர்கள்மீதும் பாய்ந்தன. ஆனால் அரசு பேசியது பெரும்பாலும் அவர்களோடுதான். நினைவில் நிற்பதும் வெள்ளை அங்கிதான். பங்குப் பதிவேட்டில் இறந்தவர் பெயருக்கு இடமுண்டு, அடக்கம் செய்த குருவின் கையொப்பத்துக்கும் இடமுண்டு. அந்தப் பெயரைச் சொன்னவளுக்குத்தான் கட்டமில்லை. அடுத்த புயலுக்கு முன் கரையில் ஒரு பயணப் பதிவேடு வர வேண்டும். அதை எழுதும் கை, முன்பே மனதில் கணக்கு வைத்திருந்தவளுடையதாக இருக்க வேண்டும்.