மாத்தளைத் தோட்டங்களிற் குடும்பத் திருநாள்: ஒரு மரபின் தோற்றம்

மரபு என்பது முன்னோர் வழிவந்தது என்பதே பொதுவான கருத்து. ஆயினும் வழிவந்த ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், ஓரிடத்தில், யாரோ சிலராற் புதிதாகத் தொடங்கப்பட்டதேயாகும். அத்தொடக்கம் காலத்தின் தொலைவில் மறைந்துவிடுவதால், மரபு தானே முளைத்தது போலத் தோன்றுகிறது. மலையகத் தமிழரின் வரலாறு ஈண்டு ஒரு விதிவிலக்கு எனலாம். அவர்தம் இல்லங்களிற் குடும்பத் திருநாள் வேரூன்றிய வகையை, இற்றைக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் அடங்கிய வரலாறாகவே காண முடிகின்றது.

இதனை நோக்குதற்கு மாத்தளை மாவட்டம் பொருத்தமான களமாகும். மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாகச் செல்லும் பாதை, தேயிலைத் தோட்டங்களைக் கடந்து நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏறி, இல்லுக்கும்புர வழியே மறுபுறத்திலுள்ள பல்லேகமவை அடைகின்றது. மலைக்கு அப்பாலுள்ள பல்லேகமப் பகுதி வயலும் சேனையும் சார்ந்த பழைமையான சிங்களக் கிராமங்களைக் கொண்டது. ஆங்கு திருநாள் நிலத்தோடு பிணைந்தது. புதுநெல் களத்துக்கு வந்ததும் புத்தரிசி படைத்தல், சித்திரைப் புத்தாண்டில் நற்பொழுது பார்த்து அடுப்பேற்றல், பெரியோருக்கு வெற்றிலை கொடுத்து வணங்குதல், சிறுவர் கையிற் காசு வைத்தல் ஆகியன வயலோடும் வீட்டோடும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கப்பட்டன. மலைக்கு இப்பாலுள்ள லயங்களிலோ வயலும் இல்லை. சொந்த வீடும் இல்லை. அவ்வாறாயின் ஆங்கு திருநாள் எதனைப் பற்றி நின்றது என்பதே ஆராய்தற்குரிய வினாவாகும்.

கோப்பிக் காலத்தில் இவ்வினாவுக்கே இடமில்லை. 1830களிலிருந்து விரிவடைந்த கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்தோரிற் பெரும்பாலோர் ஆடவர். மன்னார்க் கரையில் இறங்கி, காடு நிறைந்த வடபாதை வழியே தம்புள்ளையூடாக மாத்தளையை நோக்கி நடந்து வந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். பெண்களும் சிறுவரும் அந்நாளில் மிகச் சிலரே. கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் மிகப் பலர் ஊர் திரும்பினர். அவர்களுக்குப் பொங்கலும் தீபாவளியும் ஊரில் இருந்தன. தோட்டத்தில் இருந்தது வேலை மட்டுமே.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. இம்மாற்றம் பயிரின் மாற்றம் மட்டுமன்று. வாழ்க்கை முறையின் மாற்றமுமாகும். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டப்பட்டனர். கங்காணிமார் தனியாட்களைக் காட்டிலும் குடும்பங்களையே திரட்டிவர முற்பட்டனர். பருவத்துக்கு வந்து போனோர் நிலையாகத் தங்கினர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராவிற் பிள்ளைகள் பிறந்தனர். ஊரைக் கண்டறியாத அப்பிள்ளைகளுக்குத் திருநாள் என்பது கேள்விப்பட்ட செய்தியாக மட்டுமே இருந்திருக்கும், பெற்றோர் அதனைத் தோட்டத்திலேயே தொடங்கியிராவிடின்.

இவ்விடத்து ஓர் உண்மை கருதத்தக்கது. தமிழகத்து உழவர் குடிகளிற் பொங்கலே பெருநாள். அக்குடிகளிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களிடையே, தோட்டங்களிற் பெருநாளாக ஓங்கியது தீபாவளி. இதற்குக் காரணம் தேடுவார்க்கு லயத்து வாழ்வே விடை பகரும். பொங்கல் தன் வயலின் நெல்லைத் தானே பொங்கிக் கதிரவனுக்குப் படைக்கும் நாள். தோட்டத்து அரிசியோ சம்பளத்திற் கழிக்கப்படும் அரிசி. அவ்வரிசியிலும் பொங்கிப் படைத்தனர் எனினும், அறுவடையின் பெருமிதம் அதில் இல்லை. தீபாவளிக்கு வயல் வேண்டுவதில்லை. எண்ணெயும் புத்தாடையும் பலகாரமும் போதும். அவற்றின் நடுவில் இருப்பதோ பிள்ளை.

விடியுமுன் தப்பொலி கேட்டெழுந்து பெரட்டுக்குச் செல்லும் தாய், கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுச் செல்வாள், மலையிறங்குவது மாலையில். அத்தகைய வாழ்வில் தாயின் கையால் எண்ணெய் வைத்து நீராட்டப் பெறுவதும், தந்தை வாங்கிவந்த சட்டையை அணிவதும், பகற்பொழுதிற் குடும்பத்தார் ஒருங்கிருந்து உண்பதும் ஆண்டின் பிற நாள்களில் எளிதிற் கிட்டாதவை. ஏனையோருக்குத் திருநாள் இயல்பான வாழ்வின் சிறப்பு. இவர்களுக்கோ அது இயல்பான வாழ்வே ஒரு நாள் கிடைத்த சிறப்பு.

இதற்குரிய விலையும் சிறிதன்று. தீபாவளி முற்பணம் என்பது தோட்டத்துறையில் நிலைபெற்ற வழக்கமாயிற்று. திருநாளுக்கு முன் பெற்ற பணம் பின்வரும் மாதச் சம்பளங்களிற் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். முற்பணத் தொகைக்காகத் தொழிற்சங்கங்கள் ஆண்டுதோறும் குரலெழுப்பியதுண்டு. கடன்பட்டுக் கொண்டாடுதல் அறியாமை என்பார் உளர். அக்கூற்று கடனின் சுமையைக் காண்கிறதேயன்றி, அது எதன் பொருட்டு ஏற்கப்பட்டது என்பதைக் காண்பதில்லை. தொழிலாளரின் நாள், தோட்டத்துக் கணக்கில் ‘பேர்’ எனவே பதியப்பட்டது. பிள்ளைகளோடு கொண்டாடிய நாளொன்றே அக்கணக்குக்கு வெளியே நின்றது.

இல்லத்திற் கொண்டாடிய திருநாள் தோட்டத்துப் பொதுவெளியிலும் விரிந்தது. மாசி மாதத்தில் கம்பம் நட்டுத் தொடங்கும் காமன் கூத்தில், இரதி மன்மதன் கதையைக் கண்டும் கேட்டும் சிறுவர் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். குலதெய்வம் கடலுக்கு அப்பால் இருந்தமையால், தோட்டத்து மாரியம்மன் முன்னிலையிலேயே பிள்ளைகளுக்கு முடியிறக்கிக் காது குத்தும் வழக்கம் பெருகிற்று. மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பெருவிழாவில் ஐந்து தேர்கள் பவனி வருவதைக் காணச் சுற்றுப்புறத் தோட்டத்துக் குடும்பங்கள் திரளும். நடந்து வந்தோர் இளைப்பாறிய நகரே, அவர்தம் பேரப்பிள்ளைகள் விழாக் காணவரும் நகராயிற்று.

இவ்வாறு வேர்விட்ட மரபு கடுஞ்சோதனைகளுக்கும் உள்ளாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. தலைமன்னார் நோக்கிச் சென்ற புகையிரதம் ‘ஒப்பாரிக் கோச்சி’ எனப் பெயர் பெற்றது. உடன்பிறந்தோர் இரு கரைகளிலும் பிரிந்தனர். 1983 யூலை வன்செயலில் மாத்தளைக் கோயில் தீக்கிரையாயிற்று. கோயில் மீளக் கட்டப்பட்டது. தேர்களும் மீண்டும் ஓடின. நிலத்தையும் சட்டத்தையும் பற்றுக்கோடாகக் கொள்ளாத மரபு, அவை மறுக்கப்பட்டபோதும் அழியவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மலைக்கு அப்பாலும் காலம் மாறிற்று. களுகங்கை நீர்த்தேக்கத் திட்டத்தின் பொருட்டுப் பழைய பல்லேகம நகரும் அதனைச் சூழ்ந்த வயல்களும் நீருள் மூழ்க, மக்கள் புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். நிலத்தோடு பிணைந்திருந்த திருநாளை நிலம் மாறிய பின்னர் மீண்டும் தொடங்கவேண்டிய நிலை அவர்க்கும் நேர்ந்தது. புதிய வீட்டில், புதிய அடுப்பில், பிள்ளைகளை அருகிருத்தி முதற் புத்தாண்டுப் பாற்பானை ஏற்றுவோரின் நிலை, லயத்தில் முதல் தீபாவளி விளக்கேற்றியோரின் நிலைக்கு அண்மித்ததேயாம்.

2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. முன்னோர் பட்ட துன்பத்தை அது நினைவூட்டிற்று. அம்முன்னோர் செய்த மற்றொரு செயலுக்கு நினைவுச் சின்னம் எதுவும் வேண்டியதில்லை. ஒன்றுமில்லாத இடத்திலும் தம் பிள்ளைகளுக்கென ஒரு நாளை அவர்கள் உண்டாக்கி வைத்தனர். அந்நாளில் லயத்து வாசலில் ஏற்றப்படும் விளக்கே அதற்குச் சான்றாகும்.