ஹாப்பூர் கத்தி

காஸியாபாத்தில் நான் வாங்கிய வீட்டில் தரைக்குக் கீழே ஒரு சாமான் அறை. சுவரெல்லாம் ஓதம். கொத்தனார் சொன்ன தொகையைக் கேட்டுப் புலம்பியபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் சிரித்தார். அவருக்குப் பூர்வீகம் ஹாப்பூர், தில்லிக்குக் கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர். "எங்கள் ஊரில் வைக்கோலை வைத்தே முடித்துவிடுவார்கள்" என்றார்.

அவர் சொன்னது 'கத்தி'. நம்ம ஊர்க் கத்தி இல்லை ஐயா, தானியக் குழி! நீர் ஏறாத மேட்டு நிலத்தில் தோண்டுவார்கள். வாய் குறுகல், வயிறு பெரிசு. அடியிலும் பக்கத்திலும் வைக்கோல், நடுவில் கோதுமை, மேலே பதர், அதற்கு மேல் மண். சிமெண்ட் கிடையாது. மூடியபின் தானியமும் பூச்சியும் மூச்சுவிட்டே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், பூச்சி சாகும். குழியைத் திறந்தவுடன் அவசரப்பட்டு இறங்கும் ஆளும் சாவான்.

குழியைத் திறக்காமலே கோதுமை கை மாறிக்கொண்டிருக்கும். உள்ளே நனைந்திருந்தால் கடைசியில் வாங்கியவன் பாடு! சரக்கை எண்ணிப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு கடன் கொடுத்துப் பழகிய எனக்கு இது வயிற்றைக் கலக்கியது. வெறும் மண்மேட்டை நம்பி யார் கையெழுத்துப் போடுவது?

கிராமக் கடன் ஆய்வுக் குழு 1954-ல் கிடங்குகள் வேண்டும் என்றது. 1956-ல் சட்டம், 1957-ல் மத்தியக் கிடங்குக் கழகம். கிடங்கு ரசீதைக் காட்டினால் வங்கி கடன் தரலாம். 1958-ல் தானியச் சேமிப்பு ஆராய்ச்சி மையத்தையும் ஹாப்பூரிலேயே வைத்தார்கள்.

என் அறைக்கு ஓதம் தடுக்கும் பூச்சு மட்டும் போதும் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். வைக்கோலுக்கு வீட்டம்மா ஒப்பவில்லை.