சக்கர நாற்காலியில் நடந்த ஊழியம்

பழைய மாணவர் சந்திப்பு என்றாலே, யார் எங்கே இருக்கிறார், என்ன பதவி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். "ஆண்டவர் ஒரு குறையும் வைக்கவில்லை" என்று சாட்சி சொல்லும்போதும், பெரும்பாலும் வேலை கிடைத்ததையும் வீடு கட்டியதையும்தான் சொல்லுகிறோம். தப்பில்லை, நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஜெபித்தும் கேட்டது கிடைக்காமல் போனவர்கள் என்ன சாட்சி சொல்லுவார்கள்? அவர்களுடைய விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று நாம் முடிவு கட்டிவிடலாமா?

வேதத்தில் இந்தக் கேள்விக்கு யோபு இருக்கிறார். மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டும் என்று மூன்று தரம் வேண்டிக்கொண்டும், அது நீங்காமலே ஊழியம் செய்த பவுல் இருக்கிறார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம வேலூரிலேயே, நம்மில் பலருடைய காலத்திலேயே ஒருவர் வாழ்ந்தார். டாக்டர் மேரி வர்கீஸ். சரித்திரம் படித்தவர்கள் ராஜாக்களையும் யுத்தங்களையும் மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் போதாது. இப்படிப்பட்டவர்களையும் எழுதி வைக்க வேண்டும்.

வேலூர் என்ற பள்ளிக்கூடம்

மேரி வர்கீஸ் 1925-ல் கொச்சிக்கு அருகே செறாய் என்ற கிராமத்தில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். டாக்டர் படிப்புக்காக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அந்தக் கல்லூரியே ஒரு விசுவாசத்தின் கதைதான். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் ஆண் வைத்தியர் தொடக்கூடாது என்ற காரணத்தால் பிரசவத்தில் இறந்துபோனதைக் கண்டு, தானே டாக்டராக முடிவு செய்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த வேலை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்தது. 1940களில் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. தனக்கு ஊழியம் செய்யப்படுவதற்காக அல்ல, ஊழியம் செய்வதற்காகவே என்ற சுவிசேஷக் கருத்துதான் அதன் குறிக்கோள். மேரி அங்கே படித்தது வைத்தியம் மட்டுமல்ல, இதையும் சேர்த்துத்தான்.

படிப்பை முடித்து, பெண்கள் வைத்தியத்தில் மேலே போக வேண்டும் என்பது அவருடைய ஆசையாக இருந்தது. மனிதன் ஒரு கணக்குப் போடுகிறான். நடப்பது வேறாக இருக்கிறது.

1954

அந்த வருஷம், சக டாக்டர்களோடு ஒரு நாள் வெளியே போன இடத்தில் அவர்கள் வண்டி விபத்துக்குள்ளானது. மேரிக்கு முகத்தில் பலத்த காயம். அதைவிடப் பெரியது, முதுகுத்தண்டில் பட்ட அடி. கால்கள் இரண்டும் செயலிழந்தன. உணர்ச்சியும் போய்விட்டது. அப்போது வயது 28.

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கு அந்நாளில் நம் நாட்டில் தனி வைத்தியம் என்று அநேகமாக ஒன்றும் கிடையாது. உணர்ச்சி இல்லாத உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். சிறுநீர்ப் பையில் கிருமி சேரும். இந்த இரண்டிலேயே பலர் இறந்துபோனார்கள். பிழைத்தவர்களும் வீட்டுத் திண்ணையோடு முடங்கிப்போனார்கள். சொந்தக்காரர்கள் வந்து, "ஐயோ, என்ன பாவம் செஞ்சாங்களோ!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது வலியைவிடக் கொடுமை.

மேரி ஒரு டாக்டர். இனி நடக்க முடியாது என்றால் என்ன அர்த்தம் என்பது மற்ற யாரையும்விட அவருக்குத் தெரியும். அவருக்காக ஜெபித்தவர்கள் பலர். கால்கள் திரும்பி வரவில்லை.

கால் இல்லாவிட்டாலும் கை இருக்கிறதே

அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். துன்பம் அவருக்கும் புதிதல்ல. 1914-ல் நம்ம கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவர் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது, 1929-ல் தகப்பனார் மலையிலேயே கடும் மலேரியாக் காய்ச்சலில் இறந்தார். தாயார் ஈவ்லின் அம்மையார் அதற்காக ஊழியத்தை விட்டுப் போய்விடவில்லை. முதிர்ந்த வயதிலும் மலைக்கிராமங்களைச் சுற்றி வந்து, 1974-ல் 95-வது வயதில் காலமானார்.

பால் பிராண்ட் 1946-ல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகளைக் கவனித்தார். இந்த நோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை ஜனங்கள் நினைத்திருந்தார்கள். நரம்பு செத்துப்போவதால் தசை இயங்காமல் கை மடங்கிவிடுகிறது. வலி தெரியாததால் சூடும் வெட்டும் பட்டு விரல் தேய்கிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். வேலை செய்கிற ஒரு தசையின் நாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாற்றித் தைத்தால் மூடிய கை திறக்கும். அந்த அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். "நீயும் செய்யலாமே" என்று மேரிக்கு உற்சாகம் கொடுத்தவர் அவர்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேரி கத்தியைக் கையில் எடுத்தார். கால்களில் உணர்ச்சி இல்லாத டாக்டர், கைகளில் உணர்ச்சி இல்லாத நோயாளிக்கு வைத்தியம் செய்தார்! ஊராரால் ஒதுக்கப்பட்ட அந்த நோயாளிகளுக்கு, சக்கர நாற்காலியில் வந்த ஒரு டாக்டரம்மாவைப் பார்த்ததே பாதி மருந்தாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். "உனக்கென்னம்மா தெரியும் என் கஷ்டம்?" என்று அவரிடம் யாரும் கேட்க முடியாதல்லவா?

தனக்குக் கிடைத்தது பிறருக்கும்

பிறகு அவர் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குச் சிகிச்சைக்காகப் போனார். செயலிழந்த உடம்போடு சொந்தக்காலில் நிற்பது போல வாழலாம் என்பதை அங்கே கற்றுக்கொண்டார். தன் அளவில் அது போதும் என்று அவர் நினைக்கவில்லை. அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய புகழ்பெற்ற நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவத்தை முறையாகப் படித்தார். அங்கேயே தங்கியிருந்தால் வசதியான வாழ்க்கை. சக்கர நாற்காலிக்கு ஏற்ற பாதைகளும் கட்டடங்களும் இங்கே இருந்ததைவிட அங்கேதான் அதிகம். ஆனாலும் படியும் மேடும் பள்ளமுமான நம்ம ஊருக்கே திரும்பி வந்தார்.

1963-ல் வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் தலைவரானார். 1966-ல் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் உருவானது. மரம் ஏறி விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், மூட்டை சுமந்து முதுகு முறிந்தவர் எல்லாருக்கும் அங்கே இடம் உண்டு. உட்காரவும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், ஒரு தொழில் செய்து பிழைக்கவும் கற்றுக்கொடுக்கும் இடம் அது. ஊனமுற்றோருக்கான சட்டம் நம் நாட்டில் 1995-ல்தான் வந்தது என்பதை நினைத்துக்கொண்டால், இந்த அம்மையார் எவ்வளவு முந்திக்கொண்டார் என்பது புரியும்.

1972-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் அவர் காலமானார். 32 வருஷம் சக்கர நாற்காலியில்தான் வாழ்ந்தார். அந்த நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நமக்கு என்ன?

இந்த நிலையம் உருவாகத்தான் தேவன் அந்த விபத்தை அனுப்பினார் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. துன்பப்படுகிறவன் முன்னால் அப்படிச் சொல்லவும் கூடாது. யோபுவின் சிநேகிதர்கள் செய்த வேலை அது. விபத்து விபத்துதான். ஆனால் அதற்கப்புறம் மிச்சம் இருந்த இரண்டு கைகளை தேவனிடம் கொடுத்தது மேரியின் விசுவாசம். அற்புதம் நடக்கும் வரை காத்திருந்து அதன் பிறகு ஊழியம் செய்வேன் என்று அவர் சொல்லவில்லை. இருந்ததை வைத்து ஆரம்பித்தார்.

நம் வகுப்புத் தோழர்களில் சிலர் எந்தச் சந்திப்புக்கும் வருவதில்லை. வியாபாரம் நொடித்தவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், பக்கவாதத்தில் படுத்திருப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். "சொல்லிக்கொள்ள என்ன இருக்கு?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த மலரை வாசித்து மூடி வைத்தபின், அப்படி ஒருவர் வீட்டைத் தேடிப் போங்கள். அறிவுரை வேண்டாம், கூட உட்கார்ந்தால் போதும். அடுத்த சந்திப்புக்குக் கைபிடித்து அழைத்து வாருங்கள். சக்கர நாற்காலியில் வரும் நண்பனுக்கு அரங்கத்துப் படியோரம் ஒரு சாய்வுப் பாதை போட்டுக் கொடுப்பதும் நம் சங்கத்தின் ஊழியமாக இருக்கட்டும்.

கர்த்தர் நம் கைகளின் கிரியைகளை ஆசீர்வதிப்பாராக!