பெயரில்லாத ஒரு ஜாக்கி

பெரியப்பா தென்காசி ரயில் நிலையத்துக்கும் குற்றாலத்துக்கும் இடையே சாரல் பருவந்தோறும் வாடகைக் கார் ஓட்டியவர். காசி விசுவநாதர் கோயில் கோபுரம் மொட்டையாக நின்ற காலத்தில் தொடங்கி, அது மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்ட 1990ஆம் ஆண்டோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். அம்பாசிடரை அப்போதே விற்றாயிற்று. அவர் மறைந்தபின் கொட்டகையைக் காலி செய்தபோது எஞ்சியது ஒரு ஜாக்கி. கையால் சுழற்றும் திருகு வகை. ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பழைய இரும்புக் கடைக்காரர் அதைத் தராசில் வைத்துவிட்டு, "எடைக்குத்தான் வெல, அண்ணாச்சி" என்றார். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லித் திரும்ப எடுத்துவந்தேன்.

ஜாக்கியின் வகையைக் கொண்டு அதன் வயதைச் சொல்ல இயலாது. ரிச்சர்ட் டட்ஜன் என்பவர் நியூயார்க்கில் நீரழுத்த ஜாக்கிக்கு 1851இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆயினும் கார்களோடு வந்தவற்றுள் பல, நெடுங்காலம் திருகு ஜாக்கிகளே. எனவே முத்திரைகளைத்தான் தேட வேண்டும். பிரிட்டிஷ் ராணுவப் பொருளாயின் அம்புக்குறி இருக்கும். ஜெர்மானியப் பொருளாயின் 'டி.ஆர்.ஜி.எம்.' என்ற எழுத்துகள் இருக்கக்கூடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் 1955க்கு முற்பட்டதாக இருக்காது. உப்புத்தாளைத் தொடவே கூடாது. துரு போகும், எழுத்தும் உடன் போகும். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்துத் துணியால் துடைத்தேன். நாடும் தென்படவில்லை, நிறுவனமும் தென்படவில்லை. அடிப்பீடத்தின் விளிம்பில் 'பேட்டன்ட்' என்ற சொல்லும், ஆறு இலக்கங்களில் முதல் மூன்றும் மட்டும் தெரிந்தன: 394. மற்றவை தேய்ந்திருந்தன.

இந்த மூன்று இலக்கங்களே போதுமானவையாக இருந்தன. அமெரிக்கக் காப்புரிமை வரிசையில் 394 எனத் தொடங்கும் எண்கள் 1888ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. காருக்கான ஜாக்கிக்கு அன்று யார் விண்ணப்பித்திருப்பார்கள்? பிரிட்டன் 1916இல் தன் எண் வரிசையை 100,001 எனப் புதிதாகத் தொடங்கியது. அவ்வரிசையில் 394,325 என்பது ஆலன் புளூம்லைன் ஸ்டீரியோ ஒலிக்காகப் பெற்ற காப்புரிமை. வெளிவந்த ஆண்டு 1933. நம் ஜாக்கி அதற்கு அடுத்த தெருக்காரர்!

ஐயம் தீரவில்லை. லேத் பட்டறை நண்பரிடம் புரி அளவியை இரவல் வாங்கினேன். ஜாக்கியின் பெரிய திருகு சதுரப்பல் கொண்டது. அது எந்நாட்டிலும் உண்டு. பீடத்தைப் பிணைத்த சிறிய போல்ட்டுகள்தாம் சாட்சி. அவற்றின் புரிக் கோணம் 55 பாகை, அதாவது ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த பிரிட்டிஷ் அளவு. அமெரிக்கப் புரியும் மெட்ரிக் புரியும் 60 பாகை. விட்வொர்த் புரி நம் பட்டறைகளிலும் நெடுநாள் புழங்கியதுதான். ஆனால் எண்ணும் புரியும் ஒரே திசையைக் காட்டும்போது மறுப்பதற்கு இடம் குறைவு.

1933 என்பது கீழ் எல்லை மட்டுமே. அக்காலப் பிரிட்டிஷ் காப்புரிமைக்கு ஆயுள் 16 ஆண்டுகள். ஆக, இந்த முத்திரை பெரும்பாலும் 1940களின் இறுதிக்குள் குத்தப்பட்டிருக்க வேண்டும். அம்பாசிடரோ உத்தர்பாராவில் 1957இல்தான் பிறந்தது. காரைவிட ஜாக்கி மூத்தது! பெரியப்பாவிடம் அது எப்படி வந்தது?

பெரியம்மாவிடம் கேட்டேன். சொந்தக் கார் வாங்குவதற்கு முன் செங்கோட்டையில் ஒருவர் வீட்டில் அவர் டிரைவராக இருந்தாராம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததற்கு மறு வருஷம் அந்த வீட்டு வெளிநாட்டுக் கார் விலைபோனது. "ரெண்டு மாசச் சம்பளத்துக்குப் பதிலா இதக் குடுத்தாவ. வேண்டாம்னு சொல்ல முடியுமா, ஐயா? ஒரு வார்த்த பேசாம தூக்கிட்டு வந்தாவ."

சேகரிப்பாளர்கள் தயாரிப்பாளர் பெயருக்கும், குறிப்பிட்ட காரின் கருவிப்பெட்டியோடு பொருந்துவதற்குமே கூடுதல் விலை தருவார்கள். இதற்கு இரண்டும் இல்லை; திருகின் பல்லும் தேய்ந்திருப்பதால் வண்டிக்கடியில் வைக்கவும் தகாது. சந்தையில் இதன் மதிப்பு இரும்புக் கடைக்காரர் சொன்னதைவிடப் பெரிதாகக் கூடிவிடாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவரிடம் அதைச் சொல்லப் போனபோது, சம்பளக் கதையையும் சொன்னேன். எடைக்கல்லை ஓரமாக நகர்த்திவிட்டு, அந்தக் காலத்தில் டிரைவருக்கு மாதம் என்ன சம்பளம் இருந்திருக்கும் என்று கேட்டார்.

பெரியம்மாவுக்கு அது நினைவிருந்தது. மாதம் நாற்பது ரூபாய்.