தெருவின் அகலமும் ஊரின் உயிரும்

ஊர்த் தெரு ஊரவர் அனைவருக்கும் உரிய பொதுச்சொத்து. இவ்வுண்மையை இலண்டன் மாநகர் பெருவிலை கொடுத்தே கற்றது.

1666ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆந் திகதி விடியுமுன், புடிங் லேன் என்னும் ஒடுங்கிய ஒழுங்கையிலே, பாண் சுடுவோர் ஒருவரின் இல்லத்தில் தீ மூண்டது. அக்காலத்து வீடுகள் பெரும்பாலும் மரத்தாலானவை. மேன்மாடிகள் தெருவின்மேல் நீண்டு, எதிர்வீட்டை எட்டித் தொடுமாப்போல நின்றன. ஆதலால் தீ வீட்டுக்கு வீடு தாவிற்று. இடைப்பட்ட வீடுகளை இடித்துத் தீயை மறிக்க நகரபிதா தயங்கினார். தட்டுமுட்டுச் சாமான்களுடன் ஓடிய மக்களும் வண்டிகளும் தெருக்களை அடைத்தமையால், அணைக்க வந்தோர் அணுகமாட்டாது அல்லலுற்றனர். நான்கு நாளில் ஏறத்தாழ 13,200 வீடுகளும் 87 பங்குத் தேவாலயங்களும் அழிந்தன.

அகன்ற தெருக்களோடு புதுநகர் அமைக்கக் கிறிஸ்தோபர் றென் படம் வரைந்தார். உடைமையாளர் தத்தம் பழைய நிலத்திலேயே கட்ட விழைந்தமையால் அது நிறைவேறவில்லை. எனினும் 1667ஆம் ஆண்டுச் சட்டம், கல்லாலும் செங்கல்லாலும் வீடு கட்டப் பணித்தது. 14 அடிக்குக் குறைந்த ஒழுங்கைகளை அகலிக்க அதிகாரம் அளித்தது. தெருவுக்கு நிலம் விட்டவர்க்கு நட்டஈடு வழங்கவென நிலக்கரிக்கு வரியும் விதித்தது.

இன்று தீயணைக்கும் வண்டியும் அம்புலன்சும் உண்டு. வழியில்லா இடத்தில் அவை என் செய்யும்? மதிலை ஒரு சாண் முன்தள்ளுபவர் அயலவரின் உயிர்காக்கும் நேரத்தையே குறைக்கின்றார். வாலிப நண்பர்களே! வேலி அடைக்கும்போது பெரியோர் முன்னிலையில் நூல் பிடித்து, தெருவுக்குரியதைத் தெருவுக்கே விடுவோமாக.